அண்டை நாடுகள் சேர்ந்தால் வளர்ச்சி வருகிறதா? எங்கே வந்தது, எங்கே நின்றுபோனது?

நெடுவழி:

வணக்கம். பக்கத்து நாடுகள் கூட்டமைப்பு அமைத்து, ஒன்றுக்கொன்று வரியைக் குறைத்துக்கொண்டால் எல்லோரும் சேர்ந்து வளர்வார்கள் என்றுதான் படித்தோம். நடப்பைப் பார்த்தால் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வணிகத்தில் சுமார் 60 சதவீதம் அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் இது கால்வாசியை ஒட்டி இருக்கிறது. தெற்காசியாவில் 5 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. கடல் தாண்டி பிரேசிலோடு வணிகம் செய்வது, பக்கத்துத் தெற்காசிய நாட்டோடு செய்வதைவிட இந்திய நிறுவனத்துக்குச் சுமார் 20 சதவீதம் மலிவு என்று உலக வங்கியே சொல்லியிருக்கிறது.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985-இல் டாக்காவில் தொடங்கியது. சாஃப்டா என்ற தடையற்ற வணிக ஒப்பந்தம் 2004-இல் கையெழுத்தாகி, 2006-இல் அமலுக்கு வந்தது. காத்மாண்டுவில் செயலகம் இருக்கிறது. ஆனால் 2014-க்குப் பிறகு ஒரு உச்சி மாநாடுகூட நடக்கவில்லை. எல்லையின் இருபுறமும் ஒரே மொழி பேசுபவர்கள் இருக்கிறார்கள், பழைய ரயில் தடங்கள் இருக்கின்றன, வாங்கவும் விற்கவும் மக்கள் இருக்கிறார்கள். அப்படியும் இந்த நிலை. இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

என் கேள்வி இதுதான். ஒத்துழைப்பு எங்கெல்லாம் வளர்ச்சியாக மாறியதோ, அங்கே உண்மையில் என்ன வேலை நடந்தது? நட்பு இருந்தது, நல்ல தலைவர்கள் இருந்தார்கள் என்ற பதில் எனக்குப் போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கயல்_பொருளியல்:

நல்ல கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட்டமைப்பு அமைத்தாலே லாபம் என்று பொருளியல் சொல்லவில்லை. ஜேக்கப் வைனர் 1950-லேயே இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உள்நாட்டில் அதிகச் செலவில் செய்துகொண்டிருந்த ஒரு பொருளைப் பக்கத்து நாடு மலிவாகச் செய்து தந்தால் அது லாபம். தூரத்து நாடு ஒன்று மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, வரிவிலக்கு இருக்கிறது என்பதற்காக மட்டும் பக்கத்து நாட்டின் விலை கூடிய பொருளை வாங்கினால் நஷ்டம். கருவூலத்துக்கு வரி வருமானம் இல்லாமல் போகிறது, நாட்டுக்குச் சரக்கும் மலிவாகக் கிடைப்பதில்லை. எந்தக் கூட்டமைப்பை எடுத்தாலும் இந்த இரண்டில் எது அதிகம் நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

லாபம் வருவதற்கு முக்கியமான வழி சந்தையின் அளவு. இதற்கு ஆசியான் நல்ல உதாரணம். 1967-இல் ஐந்து நாடுகளோடு தொடங்கிய அமைப்பு அது. 1976-இல் அரசுகளே உட்கார்ந்து பெரிய ஆலைகளை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டன. இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் யூரியா, தாய்லாந்துக்குச் சோடா சாம்பல், பிலிப்பைன்ஸுக்கு சூப்பர் பாஸ்பேட், சிங்கப்பூருக்கு டீசல் எஞ்சின். கடைசியில் யூரியா ஆலைகள் இரண்டும் எழுந்தன, மற்றவை அந்தத் திட்டப்படி வரவில்லை. ஒரு நாட்டின் ஆலைக்காக இன்னொரு நாடு தன் சந்தையை மனமுவந்து திறக்கத் தயாராக இல்லை.

அப்புறம் 1988-இல் அதைவிடச் சின்னதாக ஒரு திட்டம் வந்தது. ஒரே கார் நிறுவனம் தன் பாகங்களை இந்த நாடுகளுக்குள் அனுப்பிக்கொண்டால் வரிச்சலுகை, அவ்வளவுதான். டொயோட்டா அதை அப்படியே பிடித்துக்கொண்டது. தாய்லாந்தில் டீசல் எஞ்சின், இந்தோனேசியாவில் பெட்ரோல் எஞ்சின், பிலிப்பைன்ஸில் கியர்பாக்ஸ், மலேசியாவில் ஸ்டீயரிங் கியர். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எந்த நாட்டின் சந்தைக்கும் முழுசாக ஒரு கியர்பாக்ஸ் ஆலை கட்டுப்படியாகாது. நான்கு சந்தைக்கும் சேர்த்து ஒன்று என்றால் கட்டுப்படியாகும். 1992-இல் ஆசியான் தடையற்ற வணிகப் பகுதி பேசப்படும்போது, அதற்காக வாதாட ஏற்கெனவே தொழிற்சாலைகள் நின்றுகொண்டிருந்தன. தெற்காசியாவில் அப்படி இரண்டு நாட்டுக்கும் சேர்த்து இயங்கும் ஆலைகள் மிகக் குறைவு. எல்லையைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுக்கத் தொழில்துறையில் போதுமான ஆட்கள் இல்லாமல் போனது இதனால்தான் என்பது என் எண்ணம்.

துறைமுகவாசி:

கயல், அந்த டொயோட்டா கணக்கு நடக்க வேண்டுமென்றால் பாகம் சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும். நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். வரி எத்தனை சதவீதம் என்று வாடிக்கையாளர் ஒரு தடவை கேட்பார். லாரி எல்லையில் எத்தனை நாள் நிற்கும் என்று தினமும் கேட்பார்.

தரைவழி எல்லையில் என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன். மேற்கு வங்கத்தில் இருக்கும் பெட்ராபோல் வழியாக வங்கதேசத்துக்குப் போகும் இந்திய லாரி, எல்லை தாண்டி பேனாபோல் வரைதான் போகும். அங்கே சரக்கை இறக்கி, அந்த நாட்டு லாரியில் ஏற்ற வேண்டும். ஏற்றி இறக்கும் கூலி ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம், காத்திருக்கும் வாடகை ஒரு பக்கம். உணவுப் பொருளாக இருந்தால் சாம்பிள் எடுத்து எங்கோ தள்ளியிருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஏற்றுமதி செய்யும் நாட்டின் ஆய்வகச் சான்று கையில் இருந்தாலும் திரும்பவும் சோதனைதான்.

அடுத்தது ஆரிஜின் சர்ட்டிஃபிகேட். ஒப்பந்தச் சலுகை வேண்டுமென்றால் சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று நிரூபிக்க வேண்டும். சரக்குக்கான குறியீட்டு எண்ணில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். அந்தப் பின் இலக்கங்கள் பொருந்தவில்லை என்று சலுகை மறுக்கப்பட்ட சரக்குகளை நானே பார்த்திருக்கிறேன். சின்ன ஏற்றுமதியாளர் ஒருவர், இந்த அலைச்சலுக்கு முழு வரியையே கட்டிவிடலாம் என்று சலுகையையே விட்டுவிட்டார். அவருக்கு அந்த ஒப்பந்தம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

எங்கே சரிசெய்தார்கள் என்று கேட்டால் சிருண்டுவைச் சொல்வேன். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஜாம்பேசி ஆற்றின் மேல் இருக்கும் கடவை. முன்பு ஒரு கரையில் வெளியேறும் சோதனை, மறு கரையில் நுழையும் சோதனை என்று இரண்டு முறை நிற்க வேண்டும். 2009-இல் அதை ஒரே நிறுத்தச் சாவடியாக மாற்றினார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் உட்கார்ந்து, ஒரே நிறுத்தத்தில் வேலையை முடிக்கிறார்கள். இதற்காக, ஒரு நாட்டு அதிகாரி அடுத்த நாட்டு மண்ணில் தன் சட்டத்தைச் செயல்படுத்தலாம் என்று இரண்டு நாடுகளும் தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. கட்டடம் கட்டுவதைவிட அதுதான் கடினமான வேலை. கென்யா, உகாண்டா எல்லையில் மலாபா, புசியா ஆகிய இடங்களிலும் பிறகு இதே முறை வந்தது.

கயல்_பொருளியல்:

துறைமுகவாசி ஐயா, அந்த ஆய்வகச் சிக்கலை ஐரோப்பாவில் நீதிமன்றம் தீர்த்து வைத்தது. 1979-இல் நடந்த வழக்கு. காசிஸ் டி டிஜான் என்ற பிரெஞ்சு மதுவை ஜெர்மனியில் விற்கத் தடை. காரணம், பழ மது என்றால் குறைந்தது 25 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் விதி, இதில் அதைவிடக் குறைவு. ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி செய்து விற்கப்படும் பொருளை, உடல்நலம் போன்ற வலுவான காரணம் இல்லாமல் இன்னொரு உறுப்பு நாடு தடுக்கக் கூடாது என்றது.

இதன் விளைவு பெரிது. அதுவரை ஒவ்வொரு பொருளுக்கும் எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரே தரவிதியை எழுத முயன்று, பேச்சு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. இனி உன் சோதனையை நான் நம்புகிறேன், என் சோதனையை நீ நம்பு என்று ஆனது. 1993-இல் ஒற்றைச் சந்தை வந்ததற்கு இந்தத் தீர்ப்பு பாதை போட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாடுகளுக்கு மேலே நின்று தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றம் அங்கே இருந்தது, அதன் சொல்லுக்கு ஜெர்மனி கட்டுப்பட்டது. சாஃப்டாவில் அப்படிப்பட்ட நீதிமன்றம் கிடையாது.

எதிர்க்கரை:

நான் இங்கே எல்லோரையும் போல ஆர்வமாக இல்லை, மன்னிக்கவும். கூட்டமைப்பு என்றால் அதிலுள்ள பெரிய நாட்டுக்கே ஆதாயம் என்பதுதான் நான் பார்த்த வரலாறு.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967-இல் அமைத்தது. மூன்றுக்கும் சேர்த்து ரயில்வே, துறைமுகம், தபால், விமான நிறுவனம் எல்லாம் பொதுவாக இருந்தன. இவ்வளவு ஆழமான இணைப்பு அன்றைய உலகில் அரிது. பத்தே வருடத்தில், 1977-இல் உடைந்தது. தொழிற்சாலைகள் பெரும்பாலும் கென்யாவிலேயே குவிந்தன. தான்சானியா சோஷலிசப் பாதையில் போனது, கென்யா தனியார் முதலீட்டுப் பாதையில் போனது. 1971-இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்த பிறகு, தான்சானியா அதிபர் நியரேரே அவரோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தார். உடைந்ததும் தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது, 1983 வரை திறக்கவில்லை. அந்த எல்லையை நம்பி வாழ்ந்த வியாபாரிகளையும் ரயில்வே ஊழியர்களையும் யார் கேட்டார்கள்?

மத்திய அமெரிக்கப் பொதுச் சந்தையும் அப்படித்தான். 1960-இல் தொடங்கியது. 1969-இல் எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் போரே செய்துகொண்டன. வணிகம் வளர்ந்தால் பகை குறையும் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? ஆதாயம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பகை கூடத்தான் செய்யும்.

மின்தடம்:

எதிர்க்கரை சொல்வதை நான் மறுக்க மாட்டேன், அது நடந்த உண்மை. ஆனால் பெரிய நாடும் சின்ன நாடும் சேர்ந்து சின்ன நாடு எழுந்த இடங்களும் உண்டு. என் துறை மின்சாரம் என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன்.

பூட்டானில் மலையும் ஆறும் உண்டு, அணை கட்டப் பணம் இல்லை. பக்கத்தில் இந்தியாவுக்கு மின்சாரம் போதவில்லை. அங்கே 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையத்துக்கான செலவில் 60 சதவீதத்தை இந்தியா மானியமாகவும் மீதி 40 சதவீதத்தைக் கடனாகவும் கொடுத்தது. 1980-களின் பிற்பாதியில் அது மின்சாரம் தரத் தொடங்கியது. பூட்டான் தனக்குப் போக மிச்சத்தை விற்று, கடனை அடைத்து, அந்த வருமானத்தை நாட்டுக்குச் செலவிட்டது. பிறகு 1020 மெகாவாட் தாலா நிலையம் வந்தது. சின்ன நாட்டின் வளத்தை வாங்க ஆள் நிச்சயம் என்று ஆனபோதுதான் அந்த வளத்துக்கு மதிப்பு வந்தது. அதே நேரம், ஒரே வாடிக்கையாளரை நம்பி ஒரு நாட்டின் வருமானமே இருப்பது ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும்.

இதைவிட எனக்குப் பெரிய செய்தி 2024 நவம்பரில் நடந்தது. நேபாளத்திலிருந்து வங்கதேசத்துக்கு 40 மெகாவாட், இந்திய மின்கம்பிகள் வழியாகப் போனது. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பொது எல்லை கிடையாது, நடுவில் இந்தியா. ஓர் ஒப்பந்தத்தில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டு, மூன்றாம் நாட்டுக்கு வழிவிட இந்தியா சம்மதித்தது. 40 மெகாவாட் என்பது மிகச் சின்ன அளவுதான். ஆனால் அளவீடு, கட்டணம், வழியில் ஏற்படும் இழப்பை யார் ஏற்பது எனப் பேச வேண்டிய அத்தனையும் அந்த 40 மெகாவாட்டுக்காகப் பேசி முடிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த 400-க்கு அதே தாள்கள் உதவும். லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு 2022-இல் மின்சாரம் போகத் தொடங்கியதும் இப்படித்தான், அது 100 மெகாவாட் வரை.

எதிர்க்கரை:

மின்தடம், ஆற்று மின்சாரம் என்றால் இத்தாய்ப்புவையும் பேசுங்கள். பிரேசிலும் பராகுவேயும் 1973-இல் ஒப்பந்தம் போட்டுப் பரானா ஆற்றில் கட்டியது. 14,000 மெகாவாட், ஆளுக்குப் பாதி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பராகுவே தன் பாதியில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்த முடிந்தது. மிச்சத்தைப் பிரேசிலுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும், சந்தை விலைக்கு விற்க முடியாது. இழப்பீடாக வருடத்துக்குச் சுமார் 12 கோடி டாலர் கிடைத்தது. 2009-இல் புதிய ஒப்பந்தம் போட்டு அதை 36 கோடியாக உயர்த்தச் சம்மதித்தார்கள், அது அமலாக 2011 ஆனது. முதல் மின்சாரம் 1984-இல் வந்தது. இத்தனை வருடம் ஒரு ஏழை நாடு இழந்ததை யார் திருப்பித் தருவார்கள்?

மின்தடம்:

நியாயமான கேள்வி. இத்தாய்ப்பு பராகுவேக்கு மின்சாரப் பஞ்சமே இல்லாமல் செய்தது, வருமானமும் கொடுத்தது, அது உண்மை. அதற்குத் தரப்பட்ட விலை குறைவு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கயல்_பொருளியல்:

ஆதாயம் ஒரு பக்கம் சாய்வதைப் பற்றி எதிர்க்கரை எழுதியதுதான் இந்த இழையின் மையம் என்று எனக்குப் படுகிறது. நிலைத்து நின்ற கூட்டமைப்புகளைப் பார்த்தால், பின்தங்குபவர்களுக்கு என்ன என்பதை அவை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கின்றன.

ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டது. ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரியும் பிரான்ஸின் லொரேன் பகுதி இரும்புத் தாதும் ஒரே அதிகார அமைப்பின் கீழ் வந்தன என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த அமைப்பு நிலக்கரி, எஃகு உற்பத்தியின் மேல் நேரடியாக ஒரு சிறு தீர்வை போட்டது என்பதை ஏனோ பலர் சொல்வதில்லை. சுரங்கம் மூடப்பட்டு வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சியும், தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடுகளும் அந்தப் பணத்தில் கிடைத்தன. செலவுமிக்க பெல்ஜியச் சுரங்கங்களுக்குத் தனி உதவி இருந்தது. போட்டியில் தோற்கப் போகிறவர்களுக்கு முதல் நாளிலேயே வழி வைத்தார்கள்.

பிற்பாடு அதே எண்ணம் பெரிதாகியது. 1975-இல் வட்டார வளர்ச்சி நிதி வந்தது. அப்புறம் ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், அயர்லாந்து நான்குக்காகவும் ஒருங்கிணைப்பு நிதி வந்தது. 2004-இல் சேர்ந்த போலந்து இந்த நிதிகளிலிருந்து மிக அதிகம் பெற்றது. பணம் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்யாது என்பதற்கு 2010-க்குப் பிறகு கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸே சாட்சி, அதையும் மறைக்க வேண்டாம்.

இது பணக்கார நாடுகளால் மட்டும் முடியும் என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் 1910-இலிருந்து இருக்கிறது, இன்று இயங்குகிறவற்றில் உலகிலேயே மிகப் பழையது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஐந்தும் வசூலாகும் சுங்க வரியை ஒரு பொதுத் தொகுப்பில் போட்டு, சூத்திரம் வைத்துப் பிரிக்கின்றன. லெசோத்தோ, எஸ்வாத்தினி அரசுகளின் வருமானத்தில் பெரும்பகுதி இதுதான். வரியைத் தீர்மானிப்பதில் தென்னாப்பிரிக்காவின் கைதான் ஓங்கியிருக்கிறது என்ற குறை நீண்ட காலமாக உண்டு. ஆனாலும் நூறு வருடம் தாண்டி அது உடையாமல் நிற்கிறது.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. நாடுகளுக்கு நடுவே தீராத தகராறு இருக்கும்போது இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது? தகராறு தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்றால் ஒரு தலைமுறையே போய்விடும்.

துறைமுகவாசி:

தகராறு தீராமலேயே வேலை நடந்ததற்கு மலேசியா, தாய்லாந்து உதாரணம் உண்டு. தாய்லாந்து வளைகுடாவில் கடலடி நிலம் யாருக்கு என்று இரண்டும் உரிமை கோரின, அந்தப் பரப்பு ஏறத்தாழ 7,250 சதுர கிலோமீட்டர். 1979-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லைக்கோட்டுப் பேச்சை 50 வருடம் தள்ளிவைப்போம், அதுவரை அங்கே கிடைப்பதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம். கூட்டு அதிகார அமைப்புக்கான ஒப்பந்தம் 1990-இல் வந்தது, 2005-இல் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். பொறுமை வேண்டும் என்பது ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் எந்த நாடும் தன் உரிமைக் கோரிக்கையைக் கைவிடவில்லை, இரண்டு நாட்டுக்கும் எரிவாயு கிடைக்கிறது.

கயல்_பொருளியல்:

நான் சொன்ன நிலக்கரி எஃகுச் சமூகத்துக்கு வித்திட்ட, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமானின் அறிவிப்பு 1950 மே 9-இல் வந்தது, இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே வருடம். காயம் ஆறும்வரை அவர்களும் காத்திருக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான சிந்து நதி நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 1960-இல் உலக வங்கி முன்னின்று முடித்தது. 1965, 1971 போர்களைத் தாண்டியும் அது நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எவ்வளவு உறுதியான தாளுக்கும் அரசியலிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடையாது.

நெடுவழி:

அப்படியானால் தெற்காசியாவில் எட்டு நாடுகளும் ஒன்றாக நகர வேண்டும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, தயாராக இருக்கும் இரண்டு மூன்று நாடுகள் தொடங்குவதே மேல் என்று நினைக்கிறேன். ஒரு நாட்டு வாகனம் அடுத்த நாட்டுக்குள் நேராகப் போக வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தம் 2014-இல் சார்க் அளவில் நின்றுபோனது. அடுத்த வருடமே வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் திம்புவில் அதைத் தங்களுக்குள் கையெழுத்திட்டன. பூட்டான் நாடாளுமன்ற மேலவை அதை ஏற்கவில்லை. வெளிநாட்டு லாரிகள் பெருகினால் தங்கள் சின்ன மலைநாட்டின் சாலையும் காற்றும் தாங்காது என்ற அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். பூட்டானைப் பிறகு சேர்த்துக்கொண்டு, மற்ற மூன்றும் முன்னே போகலாம். துறைமுகவாசி எழுதிய இறக்கி ஏற்றும் வேலை பேனாபோலில் நின்றால், அதுவே என் கணக்கில் ஒரு உச்சி மாநாட்டைவிடப் பெரியது.

எதிர்க்கரை:

மூன்று நாடுகள் முன்னே போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கயல் சொன்ன நிலக்கரித் தீர்வை பற்றி எனக்குத் தெரியாது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் லாரி நேராகப் போகத் தொடங்கினால் பேனாபோலில் சுமை தூக்கிப் பிழைக்கும் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மின்சாரம் விற்கும் ஒப்பந்தமாக இருந்தால், இத்தனை வருடத்துக்கு ஒருமுறை விலையைத் திரும்பப் பேசலாம், மூன்றாம் நாட்டுக்கும் விற்கலாம் என்ற இரண்டு பிரிவுகள் இல்லாமல் நேபாளமோ பூட்டானோ கையெழுத்துப் போடக் கூடாது. பராகுவேயிடம் அந்த இரண்டும் இருந்திருந்தால் 2009 வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.